வில்லன் வீட்டு நாற்காலிகள்

படப்பிடிப்பு வட்டாரத்தில் அவனைத் தூசி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளம் வாங்குகிற இடத்தைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. புத்தம்புது மேசையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், மதியச் சாப்பாட்டுக்குள் அதை ஒரு தலைமுறை மூலையில் கிடந்த மேசையாக்கித் தந்துவிடுவான். டீத்தூளைக் காய்ச்சிய சாயம், சாம்பல், பழைய எண்ணெய், இவைதான் அவன் பெட்டியில் இருக்கும். பலகையால் அடித்த செட்டுக்குள் சாமான்களை வைத்து, அங்கே நேற்றுவரை ஆள் குடியிருந்ததாக நம்பவைப்பது அவன் தொழில். அதில் கெட்டிக்காரன். அது அவனுக்கே தெரிந்திருந்ததுதான் கோளாறு.

இந்தப் படத்தின் இயக்குநர் பேச ஆரம்பித்தால் கேட்பவன் கையிலிருக்கும் டீ ஆறிப்போகும். அவருக்குக் கொள்கை ஒன்றே ஒன்று. கதாநாயகன் என்றால் ஒழுங்கு, வில்லன் என்றால் குழப்பம். கதாநாயகன் வீட்டில் செருப்புகள் வரிசையாக நிற்க வேண்டும், துண்டு நான்காக மடிந்திருக்க வேண்டும். அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவான். நிஜத்தில் அப்படி ஒரு ஆளை எந்தக் குடும்பமும் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது, படத்தில் என்றால் விசில் அடிப்பார்கள். வில்லன் வீட்டிலோ எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இருக்கக் கூடாது. கதை முழுக்க இவ்வளவுதான். கடைசியில் கதாநாயகன் வந்து வில்லன் வீட்டைச் சுத்தம் செய்கிறான்.

தூசி முதலில் போட்ட வில்லன் வீட்டைப் பார்த்து இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். காலி பாட்டில், கிழிந்த சுவரொட்டி, உடைந்த கண்ணாடி எல்லாம் தாராளமாக இறைத்திருந்தான்.

“இது ஆள் வெச்சுப் போட்ட குப்பை. எனக்குத் தானா சேர்ந்த குப்பை வேணும். இதுக்குள்ள ஒரு மனுஷன் எப்படி இருப்பான்னு பாக்கறவனுக்கு வயித்தைக் கலக்கணும்” என்றார்.

தூசிக்கு முகம் தொங்கிப்போயிற்று. தொழிலில் இதுவரை யாரும் அவனை அப்படிச் சொன்னதில்லை. மறுநாள் பழைய சாமான் கடைகளைச் சுற்றினான். ஒன்றும் தேறவில்லை. கால் வலித்தது, பசித்தது. அந்தக் கடைத்தெருவுக்குப் பின்னால்தான் அக்கா வீடு. அங்கே போய் எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. போனால் சாப்பாடு நிச்சயம் என்பதால் போனான். பாசத்தால் போனான் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

அம்மா சீக்கிரமே போய்விட்ட வீட்டில் அவனை வளர்த்தது அக்காதான். பள்ளிக்கூடப் பையில் அவன் தொலைத்ததையெல்லாம் தேடி எடுத்துக் கொடுத்து, தலையில் ஒரு குட்டும் வைத்து அனுப்புவாள். பிறகு அவளுக்கும் கல்யாணம் ஆயிற்று. மாமா பஸ் டிரைவர். சர்க்கரை வியாதி வந்து வேலையை விட்டார். ‘கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குடா’ என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள். ‘கொஞ்சம்’ என்கிற சொல்லைத் தூசி கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மேற்கொண்டு கேட்டால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

வீடு என்றால் ஒரே பெரிய அறை, அதை ஒட்டி ஒரு படி இறங்கினால் சமையல்கட்டு. அக்கா கதவைத் திறந்ததும் தூசி வாசலிலேயே நின்றுவிட்டான். நாற்காலிகள் அறையின் நடுவில் நின்றன, ஒவ்வொன்றும் ஒரு திசை பார்த்து. ஜன்னல் கம்பியிலிருந்து குளியலறைக் கதவுவரை இடுப்பு உயரத்துக்கு ஒரு கயிறு, அதன்மேல் ஈரத்துணிகள். குளியலறைக் கதவின் கைப்பிடியில் ஒரு ரேடியோ தொங்கிக்கொண்டு, யாரும் கேட்காமலேயே முணுமுணுத்தது. சமையல்கட்டுப் படிக்கு முன்னால் தரையில் ஒரு எவர்சில்வர் தட்டு கவிழ்ந்து கிடந்தது. கட்டிலில் ஆரம்பித்துச் சுவர் நெடுக, கை உயரத்தில், எண்ணெய்ப் பிசுக்கேறிய கறுப்புக் கறை. மருந்து பாட்டில்களுக்கெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ரப்பர் வளையம் போட்டிருந்தது.

கட்டிலில் படுத்திருந்த மாமா, வாசலில் கூப்பிட்ட குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, “வாப்பா, சினிமாக்காரா” என்றார். தூசி பதிலுக்கு ஏதோ சொன்னான். கண் மட்டும் நாற்காலிகள் மேலேயே இருந்தது. தேடினது கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவனுக்குப் பசிகூட மறந்துபோயிற்று. போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

எதுக்குடா என்று அக்கா கேட்டாள். சும்மா, ஞாபகத்துக்கு என்றான். அக்கா உள்ளே போய்விட்டு வந்தாள். அதற்குள் அவன் சுவர்க் கறையை அருகிலும் தொலைவிலுமாக எடுத்திருந்தான். சாப்பிட்டான், கிளம்பினான். போகும்போது அக்கா, அடுத்த முறை இவ்வளவு நாள் ஆக்காதே என்றாள்.

செட்டில் அந்த அறை அப்படியே எழுந்தது. கயிறு, ரேடியோ, தட்டு, ரப்பர் வளையம், ஒன்றையும் அவன் விடவில்லை. சுவர்க் கறைக்கு மட்டும் ஒரு நாள் எடுத்துக்கொண்டான். டீச்சாயத்தில் எண்ணெய் கலந்து, தன் கையாலேயே தேய்த்துத் தேய்த்து வரவழைத்தான். இயக்குநர் உள்ளே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார். நாற்றம் எதுவும் இல்லை, பார்த்ததுமே கை தானாகப் போயிற்று. பிறகு தூசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இதையெல்லாம் எங்கேயப்பா பிடித்தாய் என்று எல்லாரும் கேட்டார்கள். தூசி தன் நெற்றியைத் தட்டிக் காட்டினான்.

திருடிய பொருள் கொஞ்ச நாள் கையில் இருந்தால் திருடியதே மறந்துபோகிறது. படம் முடிவதற்குள் அந்த அறை தன் மூளையில் உதித்தது என்று தூசி மனதார நம்பினான். அதனால்தான், படக்குழுவின் குடும்பங்களுக்கென்று ஒரு பகல் காட்சி போட்டபோது, திரையில் முதன்முதலாகத் தன் பெயர் வருகிற பெருமையில், அக்காவையும் மாமாவையும் அவனே அழைத்தான். இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறு தொழிலில் இருப்பவன் செய்ய முடியாது.

அக்கா இருந்ததில் நல்ல உடையாக உடுத்தி, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாமா சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் அக்கா அவர் காதில் ஏதோ சொன்னாள், அவர் காலைத் தூக்கி வைத்தார். ‘கொஞ்சம் மங்கல்’ எவ்வளவு என்பது தூசிக்கு அப்போதுதான் தெரிந்தது. சுருக்கென்றது. ஆனாலும் படம் ஆரம்பிக்கப்போகிற பரபரப்பு, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தான்.

மாமாவுக்கு இந்தப் பக்கம் தூசி, அந்தப் பக்கம் அக்கா. படம் ஓட ஓட அக்கா கணவருக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தாள். இப்போ ஒருத்தன் ஓடுறான், பின்னாடி ரெண்டு பேர் துரத்துறாங்க, அந்தப் பொண்ணு அழுவுது, இவன் துண்டை மடிச்சு வைக்கிறான். பெயர் வந்தபோது, “தம்பி பேருங்க, தனியா போட்டிருக்காங்க” என்றாள். மாமா கையைத் துழாவித் தூசியின் தொடையைத் தட்டினார்.

பிறகு கதாநாயகன் ஒரு கதவைக் காலால் உதைத்துத் திறந்தான். அறை முழுசாகத் திரையில் வந்தது. அரங்கம் ‘உவ்வே’ என்றது. யாரோ ஒரு குழந்தை, அம்மா சீ என்றது. பின்வரிசையில் சிரிப்பு. கேமரா சுவர்க் கறையைத் தடவிக்கொண்டு மெதுவாகப் போயிற்று, இயக்குநர் அதில் மட்டும் அவசரப்படவே இல்லை.

அக்காவின் பேச்சு நின்றுவிட்டது.

தூசி திரையைப் பார்க்கவில்லை. மாமாவின் தோளுக்கு அப்பால் அக்காவின் முகத்தைத்தான் பார்த்தான். திரை வெளிச்சத்தில் அது நன்றாகவே தெரிந்தது. முதலில் புருவத்தைச் சுருக்கினாள். அப்புறம் வாய் லேசாகத் திறந்தது. அப்புறம் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள், கூட்டத்தில் யாரோ தன்னைக் கைகாட்டிவிட்ட மாதிரி. அந்த இருட்டில் அவளை யாரும் பார்க்கவில்லை என்றாலும் குனிந்துகொண்டாள்.

கதாநாயகன் நாற்காலிகளை ஒவ்வொன்றாக உதைத்துத் தள்ளினான். கைதட்டல். கயிற்றை அறுத்தான். கதவுக் கைப்பிடி கடகடக்க ரேடியோவைப் பிடுங்கி அணைத்தான். சமையல்கட்டுப் பக்கம் போனபோது அவன் பூட்ஸ் தட்டில் பட்டு ணங்கென்றது, அடுத்த அடி தடாலென்று படி இறங்கியது.

“என்ன காட்டறான்? எதுக்கு எல்லாரும் சிரிக்கிறாங்க?” என்று மாமா கேட்டார்.

“ஒரு வீடுங்க.”

“யாரு வீடு?”

“வில்லன் வீடு. பெரிய பங்களா.”

மாமா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “படிக்கிட்ட தட்டு வெச்சிருக்கான். கதவுல ரேடியோ மாட்டியிருக்கான்” என்றவர், தூசியின் பக்கம் திரும்பி ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: “ஏம்ப்பா, அந்த வில்லனுக்கும் கண்ணு தெரியாதா?”

தூசிக்கு, நாற்காலிகள் எதற்கு, கயிறு எதற்கு, தட்டு எதற்கு, கறை எப்படி வந்தது என்று எல்லாம் அந்த ஒரே கேள்வியில் புரிந்துபோயிற்று. சுவரைத் தடவித் தடவி ஒரு மனிதர் நடந்த கறை அது. டீச்சாயம் போட்டு அவன் அதைத் தேய்த்து வரவழைத்திருக்கிறான். இப்படியே நாற்காலிக்குள் அமிழ்ந்து காணாமல் போய்விட மாட்டோமா என்றிருந்தது. தெரியல மாமா என்றான். அதுவும் பொய்.

வெளியே வந்ததும் அக்கா, படம் நல்லா இருந்துச்சுடா என்றாள். மாமாவின் சட்டையில் ஏதோ கறை இருக்கிறதென்று விரலை எச்சிலில் தொட்டுத் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கறை போன பிறகும் துடைத்தாள். ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்று தூசி ஓடினான். வேண்டாம், பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டாள். கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. அடுத்த படத்துக்கும் இயக்குநர் அவனையே வைத்துக்கொண்டார், அந்த வீடு மாதிரி இன்னொன்று யோசி என்றார். தூசிக்குத் தன் பெட்டியைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. தினமும் அக்காவுக்குப் போன் செய்ய நினைப்பான், போனை எடுப்பான், வைத்துவிடுவான். மன்னிப்புக் கேட்பதற்கு என்னென்ன சொல்லலாம் என்று குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தான். எல்லாமே வசனம் மாதிரி இருந்தன. கடைசியில் ஒரு பகலில், கையில் கொஞ்சம் பழத்தோடு, பலி கொடுக்க இழுத்துப்போகிற ஆடு மாதிரி அந்தத் தெருவுக்குள் நுழைந்தான்.

கதவைத் திறந்தால் வேறு வீடு. நாற்காலிகள் சுவரோடு சுவராக வரிசையில் நின்றன. கயிறு இல்லை. தட்டு சமையல்கட்டில் மற்றத் தட்டுகளோடு சேர்ந்திருந்தது. ரேடியோ அலமாரி மேல் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. சுவருக்கு வெள்ளை அடித்திருந்தாள். பளிச்சென்று, கதாநாயகன் வீடு மாதிரியே இருந்தது.

மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி, முழங்கையில் கட்டு.

“வாப்பா. வண்டி இப்ப டிப்போவுல நிக்குது” என்று சிரித்தார். “முன்னெல்லாம் ரூட்டு இருந்துச்சு. கட்டில்ல ஏறினா மொதல் நாற்காலி ஒரு ஸ்டாப், ரெண்டாவது நாற்காலி ஒரு ஸ்டாப், அங்கேருந்து கயித்தப் புடிச்சா நேரா குளியலறை. உங்கக்கா எல்லா ஸ்டாப்பையும் எடுத்துட்டா. இப்ப எங்க போவணும்னாலும் அவளத்தான் கூப்பிடணும்.” அவள் வெளியே போயிருந்தபோது தானாகப் போய்ப் பார்த்ததில் காலில் தட்டு படாததால் சமையல்கட்டுப் படி தெரியாமல் விழுந்தாராம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். “நாலு பேரு வந்தா பாக்க நல்லா இருக்க வேணாமா. பக்கத்து வீட்டு அம்மா படத்தப் பாத்துட்டு வந்து, உங்க வீடு மாதிரியே இருந்துச்சேன்னு சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது” என்றாள். தம்பியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. திட்டாதது போதாதென்று, அவனைக் குற்றம் சொல்லிவிடாமல் வேறு பார்த்துப் பார்த்துப் பேசினாள்.

ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. தூசி டீயைத் தொடாமல் எழுந்தான். தனக்குத் தெரிந்ததைச் செய்தான். ஒரு காட்சியை எடுத்து முடித்து, மறுபடி எடுக்கும்போது, எந்தச் சாமான் எங்கே எந்தக் கோணத்தில் இருந்ததோ அங்கேயே வைக்க வேண்டும். அதற்குத்தான் படம் பிடித்து வைத்துக்கொள்வது. இந்த வீட்டில் அன்றைக்கு எடுத்த படங்கள் இன்னும் போனில் இருந்தன. போனை அக்கா கையில் கொடுத்து, பார்த்துச் சொல்லு, நான் வைக்கிறேன் என்றான்.

வேண்டாம்டா என்றாள் அக்கா. மாமா கட்டிலிலிருந்து, “வெக்கட்டும், விடு” என்றார். அவள் அதற்கு மேல் தடுக்கவில்லை.

தூசி கயிற்றைக் கட்டினான். படிக்கு முன்னால் தட்டைக் கவிழ்த்தான். ரேடியோவைக் கைப்பிடியில் மாட்டித் திருகினான், அது விட்ட இடத்திலிருந்து முணுமுணுக்கத் தொடங்கியது. முதல் நாற்காலியைத் தூக்கி வைத்தான். அக்கா படத்தைப் பார்த்து, ஜன்னல் பக்கம் திருப்பு என்றாள், திருப்பினான். சுவரை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. செட்டு என்றால் ஒரே நாளில் கறை கொண்டுவந்துவிடுவான். இங்கே அது மாமாவின் கையால்தான் வர வேண்டும்.

சத்தத்தைக் கேட்டே மாமாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தார். வெள்ளைச் சுவரில் உள்ளங்கையை வைத்து, முதல் நாற்காலியைத் தேடிப் பிடித்தார். “இது சரி” என்றார்.

தூசி இரண்டாவது நாற்காலியைத் தூக்கினான். எங்கே வைக்கணும்க்கா என்று கேட்டான்.

அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டு போனாள். கறை அருகில், கறை தொலைவில், ஈரத்துணி, மருந்து பாட்டில், தட்டு. ஒரு படத்தில் விரல் நின்றது. அதில் ஓரமாக, பாதி உடம்பு வெட்டுப்பட்டு, அவளே நின்றாள். தலை வாரிப் பளிச்சென்று, சிரித்துக்கொண்டு. அவள் அதைத் தள்ளி அடுத்த படத்தைப் பார்த்தாள். அதே இடம், அதே கயிறு. அவன் ஓரடி நகர்ந்து, அவள் வராதபடி எடுத்திருந்தான்.

“நீ என்னத்தான் எடுக்கறேன்னு நெனச்சேன்டா” என்றாள். “அதான் உள்ள போயி தலை வாரிட்டு வந்தேன்.”

தூசி நாற்காலியைத் தூக்கியபடியே நின்றான். இறக்கி வைக்கவும் கை வரவில்லை. அன்றைக்கு அவள் உள்ளே போனதும் தெரியும், வந்ததும் தெரியும், எதற்குப் போனாள் என்று அவன் யோசித்ததே இல்லை. காட்சியில் குறுக்கே ஆள் நிற்கிறது என்று நகர்ந்துகொண்டான், அவ்வளவுதான். வெட்கம் என்றால் இதுவரை அவன் பட்டதெல்லாம் வெட்கமே இல்லை.

மாமா முதல் நாற்காலியை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். பழைய கணக்கில் தைரியமாக நடந்து, அடுத்த நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் கையை நீட்டினார். கை காற்றில் துழாவியது. தூசி தூக்கிய நாற்காலியைப் பின்பக்கமாக விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தான். கை அவன் தோளில் விழுந்தது.

“இங்க ஒரு ஸ்டாப் இருக்குமே” என்றார் மாமா.

“நான்தான் மாமா.”

“சரி, நீயாவது நில்லு. நகராத.” தோளை அழுத்திப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, மறு கையால் கயிற்றைத் தேடினார். அது எட்டவில்லை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் பாதியாக நிற்கும் அந்தப் படத்துக்கே திரும்பிப் போனாள். அதில்தான் இரண்டாவது நாற்காலி முழுசாகத் தெரிந்தது. அதைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

“அங்க இல்லடா. இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லு” என்றாள்.

தூசி தள்ளி நின்றான்.